கிளிவெட்டிச் சட்டி

என்னுடைய மனுசன் குலசிங்கத்துக்குப் பிழை விடத் தெரியாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். நாற்பத்தொரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேத்தண்ணிக்குச் சீனி கூடினால் அது என்னுடைய பிழை. மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றால் பெற்றோல் அடித்தவனின் பிழை. மழை பிந்தினால் ரேடியோவில் வானிலை சொல்கிறவனின் பிழை. ஆனால் இவர் சொன்ன நாளில் மழை வந்துவிட்டால் மட்டும் அது இவருடைய மழை. "நான் சொன்னனான் தானே" என்று பாதி ஊருக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டு முற்றத்தில் நின்று நனைவார். துவாயைக் கொண்டு பின்னால் ஓடுவதற்குத்தான் நான் இருக்கிறேனே.

எங்கள் ஊர் கிளிவெட்டியில் இவர் வட்டவிதானை. வயல் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாய்க்காலில் வருகிற தண்ணீரை எந்த வயலுக்கு எந்த நாளில் திறப்பது, எப்போது மறிப்பது என்று பார்க்கிற ஆள். வயல்காரர்கள் கூட்டம் வைத்துத் தெரிவு செய்வார்கள். பதினைந்து வருடமாக இவரைத்தான் தெரிவு செய்கிறார்கள். வேறு ஆள் இல்லாமல் இல்லை. இவருடைய வாய்க்குப் பயந்தும் இல்லை. தன்னுடைய வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் எடுப்பார், அதுதான் காரணம். இதை நான் அவருக்கு முன்னால் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இருக்கிற எடுப்பே போதும்.

ஒருமுறை ஓர் இஞ்சினியர் வந்து பெரிய தாளை விரித்து, புது வாய்க்கால் இந்த வழியால் ஓடும் என்று காட்டினார். இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வழியே நடந்தார். குதிக்காலால் இரண்டு இடத்தில் அமத்திப் பார்த்தார். "ஓடாது தம்பி" என்றார். ஓடவில்லை. அந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துப் போனவர்கள் யாரும் இல்லை.

சீனக்குடாப் பக்கம், துறைமுகம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற மேட்டில், ஒரு புதுக்கோயிலைக் கட்டத் தொடங்கியபோது இவர்தான் முதலாவது எதிர்ப்பு. லண்டனில் டொக்டராக இருந்து ஓய்வெடுத்து வந்த கனகசுந்தரம் ஐயாவும் அவருடைய சிநேகிதர்களும் சேர்ந்து கட்டிய கோயில் அது. நாட்டின் மரபுக்கென்றே ஒரு கோயில். மூலஸ்தானத்தில் நெற்கதிரும் நீர்க்குடமும் ஏந்திய தாயார், அவளைச் சுற்றி மூன்று மாடி. கீழ் மண்டபத்து நிலம் முழுவதும் கல்லில் இழைத்த இலங்கைப் படம். மேல் மாடிகளில் நாட்டின் பழைய சிவன் கோயில்களான ஐந்து ஈச்சரங்களின் சின்ன வடிவங்கள், பழைய கல்வெட்டுகளின் அச்சுகள், குளம் கட்டிய அரசர்களின் சிலைகள், வள்ளம், கலப்பை, நெல் அளக்கிற மரைக்கால். ஏறி இறங்க லிப்ற்.

"கோயிலுக்கு லிப்ற் ஏன்? தாயாருக்கு முழங்கால் வருத்தமோ?" என்று இவர் சந்தையில் நின்று கேட்டு, கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு கோயிலில் இருந்து கடிதம் வந்தது. கும்பாபிஷேகத்துக்கு நாடு முழுவதும் இருந்து ஐந்நூறு ஊர்களின் மண் வேண்டுமாம். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் சட்டிகளில் மண் போட்டு நவதானியம் விதைத்து முளைக்க வைப்பது எந்தக் கோயிலிலும் உள்ள வழக்கம். முளைப்பாலிகை என்போம். முளை செழிப்பாக வந்தால் காரியம் செழிக்கும். வழமையில் பத்துப் பன்னிரண்டு சட்டிதான். இவர்கள் ஐந்நூறு சட்டியை அந்தக் கல் படத்தின் மேல், அந்தந்த ஊர் இருக்கிற இடத்தில் வைத்து, இலங்கை முழுவதையும் பச்சையாக முளைக்க வைக்கப் போகிறார்கள். கடிதம் 'திரு. குலசிங்கம், வட்டவிதானை, கிளிவெட்டி' என்று பெயர் போட்டு வந்திருந்தது. அன்றைக்குப் பின்னேரமே லிப்ற் நல்ல விசயமாகிவிட்டது. "வயது போன சனம் எப்பிடி ஏறுறது, யோசிக்க வேணாமே?" என்று என்னிடம் கேட்டார்.

எந்த மண்ணை அனுப்புவது என்று அம்மன் கோயிலில் கூட்டம் வைத்தார்கள். கோயில் வீதி மண்ணையே அனுப்புவோம் என்று எல்லாரும் சொன்னார்கள். இவர் எழும்பினார்.

"வீதி மண்ணில என்ன முளைக்கும், சோடா மூடிதான் முளைக்கும். எங்களுக்குச் சோறு போடுறது வயல். வயல் மண்தான் போகவேணும். என்ர வயல்ல நான் அள்ளித் தாறன். ஐந்நூறு சட்டியில எங்கட சட்டிதான் முதல் முளைக்கும், எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ."

வருடத்தின் இரண்டாவது போகமான சிறுபோக விதைப்பு முடிந்து பத்து நாள் இருக்கும். அன்று பின்னேரம் ஓர் ஓலைக் கடகம் நிறைய மண்ணோடு வந்தார். வாய்க்கால் கட்டோடு ஒட்டின மூலையில் அள்ளினாராம். கறுத்த களிமண், கையில் எடுத்தால் வெண்ணெய். முற்றத்தில் சாக்கை விரித்து, நெல் அரிக்கிற அரிதட்டில் போட்டு அரித்தார். அரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"பாத்தியே பாக்கியம், ஒரு புல்லு வேர் இல்லை. ஒரு கோரைக்கிழங்கு இல்லை. சாமிக்குப் போற மண் இப்பிடித்தான் இருக்கவேணும்."

"அதென்ன, அந்த மூலையில மட்டும் புல்லே இல்லை?" என்று கேட்டேன்.

"நான் வயல் வைச்சிருக்கிற வடிவு அப்பிடி" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். இவரோடு நின்று வாதாட நேரம் இருந்தால் நான் பாராளுமன்றத்துக்கே போயிருப்பேன். மண்ணைப் புதுப் பானையில் போட்டு, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, கோயில் வான் வண்டியில் வந்த பிள்ளையிடம் கொடுத்தார். கௌசிகா என்று பெயர். சட்டிகளைப் பராமரிக்கிற பொறுப்பு அவளுடையது. "பிள்ளை, இதை நல்ல வெளிச்சத்தில வையுங்கோ, கெதியா முளைக்கும்" என்று அவளுக்கும் பாடம் எடுத்தார்.

விதைத்து ஐந்தாம் நாள் மண் கொடுத்த ஊர்க்காரர்கள் வந்து முளை பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் இருந்து ஒரு பஸ் நிறையச் சனம். இவர் இருக்கையில் இருக்கவே இல்லை. சாரதிக்குப் பக்கத்தில் நின்று எங்கே பிறேக் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். மூதூரில் கலீலுர் றஹ்மான் நானாவும் ஏறினார். அவர் மூதூர் மண் கொடுத்தவர். பசளை, பயிர்மருந்துக் கடை வைத்திருக்கிறார், இவருடைய முப்பது வருடச் சிநேகிதர். எங்கள் வயலை எங்கள் அளவுக்கு அவருக்கும் தெரியும்.

"என்ன விதானையார், உங்கட சட்டியில இப்ப கதிரே வந்திருக்குமே?" என்றார் நானா.

"வந்தா உங்களுக்கு ஒரு கைபிடி தாறன். கடையில வைச்சு வித்துப் பிழையுங்கோ" என்றார் இவர். பாலம் தாண்டிக் கிண்ணியா போகும்வரைக்கும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு.

கோயில் உண்மையிலேயே வடிவு. பொய் சொல்லக்கூடாது. கால் கழுவி உள்ளே போனதும் மண்டபத்துக் கண்ணாடிக் கூரையால் வெளிச்சம் கொட்டியது. கீழே பருத்தித்துறையில் இருந்து மாத்தறை வரைக்கும் பச்சை. பயறு, உழுந்து, எள்ளு, நெல் என்று ஒவ்வொரு சட்டியிலும் விரல் உயரத்துக்கு முளை. நடுவில் மலைநாடு கல்லில் உயர்ந்து நின்றது. எங்கள் துறைமுகத்தை நீலக்கல்லில் போட்டிருந்தார்கள். சனம் தங்கள் தங்கள் ஊரைத் தேடி, கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டது. அம்பாந்தோட்டையில் இருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் தங்கள் சட்டிக்கு முன்னால் குந்தி இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இவர் நேரே நடந்தார். பின்னால் நாங்கள் ஐம்பது பேர். மூதூர்ச் சட்டி பச்சை. தோப்பூர் பச்சை. சேருவில பச்சை. நடுவில் கிளிவெட்டி. கறுத்த மண், நனைந்து, தடவி விட்டது போல. ஒரு முளை இல்லை.

கௌசிகா ஓடி வந்தாள். அழுகிற முகம்.

"ஐயா, நான் ஒவ்வொரு நாளும் தண்ணி தெளிச்சனான். மூண்டாம் நாள் குருக்கள் திரும்பவும் விதை போட்டவர். அதுவும் வரேல்லை. என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

எனக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எவ்வளவு இரத்தம் குடிச்ச மண். அது எப்பிடி முளைக்கும்?"

பக்கத்தில் நின்றவள் விம்மினாள். பிறகு இன்னொருத்தி. எங்கள் ஊரில் ஆளை இழக்காத வீடு குறைவு. எங்கள் வீடும் இழந்த வீடுதான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, யுத்தத்தில் செல் குண்டு அடிக்கத் தொடங்கின நேரம், எங்கள் இளையவன் மாட்டை அவிழ்த்து விடப் போய் வயலிலேயே முடிந்துபோனான். பத்தொன்பது வயது. மருதமரத்துக்குக் கீழே, எங்கள் சொந்த வயலில். அதற்குப் பிறகு அந்த வயலுக்குள் நான் கால் வைத்ததில்லை. சோறு கொண்டு போனாலும் றோட்டில் நின்று கூப்பிடுவேன். அந்தப் பெண் அப்படிச் சொன்னதும் எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மைதான், இந்த மண் எங்களைக் கைவிட்டுவிட்டது என்றே நினைத்தேன். நினைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டுக் கனகசுந்தரம் ஐயா வந்தார். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல், நல்ல மனுசர். என்ன நடந்தது என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் சட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இது வெட்கப்படுகிற விசயம் இல்லை" என்றார். "இந்தச் சட்டிக்குத்தான் இந்தக் கோயிலில் முதல் மரியாதை. இதை இப்படியே, வெறுமையாகவே, மேல் மாடியில் ஒரு பீடத்தில் வைப்போம். பக்கத்தில் அணையாத விளக்கு. இந்த நாடு பட்ட துன்பத்துக்கு இதைவிடச் சாட்சி இல்லை." வந்திருந்த தொலைக்காட்சிப் பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார். மைக் கொண்டுவரச் சொன்னார். "விதானையார் ஊர் சார்பில் இரண்டு வார்த்தை பேசட்டும்" என்றார்.

இவர் இன்னும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். றஹ்மான் நானா குனிந்து ஒரு கிள்ளு மண் எடுத்து மூக்கில் பிடித்தார். பிறகு இவரைப் பார்த்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். அவர் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது.

"விதானையார், எங்க அள்ளின நீங்க இத?"

"வாய்க்கால் மூலையில."

"மருந்துத் தாங்கி கழுவுற மூலையிலயா?"

இவருடைய முகம் போன போக்கை நான் நாற்பத்தொரு வருடத்தில் கண்டதில்லை. புல்லுக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலக்குவது அங்கேதான், வாய்க்கால் கிட்ட என்பதால். அடித்து முடித்து, முதுகில் சுமக்கிற அந்தத் தாங்கியைக் கழுவி ஊற்றுவதும் அங்கேதான். வருடக் கணக்காக. அந்த மூலையில் புல் முளைக்காததற்குக் காரணம் இவர் வயல் வைத்திருக்கிற வடிவு இல்லை.

"நான் வாய் திறக்க மாட்டன்" என்றார் நானா. "நீங்க பாத்துக்கொள்ளுங்க."

என்னுடைய அழுகை நின்றுவிட்டது. இப்போது இந்த விசயம் தெரிந்தவர்கள் மூன்றே மூன்று பேர். இவர் பேசாமல் இருந்தால் போதும், கோயிலில் பீடம், விளக்கு, பொன்னாடை, தொலைக்காட்சி. சொன்னால் சந்தையில் சிரிப்பு. ஐந்நூறு ஊருக்கு முன்னால் வட்டவிதானை மருந்து மண்ணைக் கொண்டுவந்து வைத்தான் என்று நாடு முழுக்கச் சொல்லும். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அந்த விளக்கு வேண்டியிருந்தது. என்னுடைய பிள்ளைக்கு இதுவரை யாரும் எங்கேயும் ஒரு விளக்கு வைத்ததில்லை. இந்த மனுசன் பேசாமல் நிற்கட்டும் என்று தாயாரைக் கும்பிட்டேன். கும்பிட்டதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கௌசிகா மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். இவர் அதை வாங்கி, ஒருதரம் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வணக்கம். நான் குலசிங்கம், கிளிவெட்டி வட்டவிதானை. ஐயா சொன்ன கதை நல்ல கதை. எனக்கும் அழுகை வந்தது. ஆனா அது இந்தச் சட்டியின்ர கதை இல்லை." கேமராக்காரப் பையன்கள் கிட்ட வந்தார்கள். "இதில முளைக்காததுக்குக் காரணம் இரத்தம் இல்லை, களைநாசினி. நான் மருந்து கலக்கி, தாங்கி கழுவி ஊத்துற மூலையில இந்த மண்ணை அள்ளினனான். புல்லில்லாத மண் சுத்தமான மண் எண்டு நினைச்சனான். ஊர்ச்சனம் கோயில் வீதி மண்ணைத்தான் அனுப்பச் சொன்னது. நான்தான் கேக்கேல்லை. பிழை என்ர."

'பிழை என்ர' என்று இந்த வாயில் இருந்து வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"இன்னொண்டு சொல்லவேணும்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "எங்கட ஊரில செத்தவை ஆரும் எங்கட மண்ணைச் சாபம் போட்டிட்டுப் போகேல்லை. அவை விழுந்த வயல்லதான் நாங்கள் ஏக்கருக்கு முப்பது மூடை நெல்லு எடுக்கிறம். என்ர பிள்ளையும் அங்கதான் விழுந்தவன். அந்த மண்ணில ஒரு குறையும் இல்லை. அதை மலடு எண்டு எழுதி வைச்சு விளக்குக் கொளுத்த நான் விடமாட்டன். நாலு நாள் கிடக்கு. எனக்கு ஒரு வெறுஞ் சட்டி தாங்கோ, வேற மண் கொண்டுவாறன்."

மைக்கைக் கௌசிகாவின் கையில் வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்தார். பிறகு, முதலில் அழத் தொடங்கினாளே, அந்தப் பெண், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அறுந்துபோன மனுசன், அரை மணித்தியாலமா எங்களைச் சும்மா அழவைச்சிட்டுது." எங்கள் ஐம்பது பேரும் சிரித்தோம். அழுதுகொண்டே சிரித்தோம். பக்கத்தில் நின்ற அம்பாந்தோட்டைக் குடும்பத்துக்கு யாரோ சிங்களத்தில் விளங்கப்படுத்த, அந்தத் தகப்பனும் தலையில் கை வைத்துச் சிரித்தார். அவரும் வயல்காரராக இருக்க வேண்டும்.

கனகசுந்தரம் ஐயாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. பாவம், அவர் மனதில் பீடம் கட்டி முடித்திருப்பார். ஆனால் குருக்கள் முன்னுக்கு வந்தார். "பயறு மூண்டாம் நாள் தலை காட்டும்" என்றார். "நாளைக்குப் பொழுது சாய முதல் கொண்டுவந்தால் நான் விதைப்பன்."

திரும்பி வரும்போது இவர் சாரதிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கடைசி இருக்கையில் யன்னலோடு இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். கிண்ணியா வந்ததும் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு நான் அள்ளுறன்" என்றேன்.

"நீயோ? நீ எங்க அள்ளப் போறாய்?"

"எவடம் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அங்க சேறு கிடக்கும்" என்றார். "கிடக்கட்டும்" என்றேன். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியையும் கடகத்தையும் எடுத்தேன். இவரை வரவேண்டாம் என்றேன். வரம்பில் நடக்க மறந்துபோயிருந்தது, இரண்டு தரம் சறுக்கினேன். இரண்டு பக்கமும் சாண் உயரத்தில் நெல்லு. மருதமரம் தூரத்திலேயே தெரிந்தது. அந்த இடத்தையும் உழுது விதைத்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு போகமும் வந்து, "ஓரங்குலம் விடாமல் விதைச்சாச்சு" என்று சொல்லுகிற ஆள். நானும் ஒவ்வொரு போகமும் கேட்டு, மனதுக்குள் அவரை ஏசியிருக்கிறேன். இந்த மனுசனுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை, பிள்ளை விழுந்த இடத்தில் உழவு மெசினை ஓட்டிக்கொண்டு போகிறான் என்று. பதினெட்டு வருடம் அப்படி ஏசியிருக்கிறேன்.

அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு உழாத நிலம் இருந்தது. நாலு பக்கமும் சின்ன வரம்பு, அந்தப் போகத்துக்குப் புதிதாகச் சேறு பூசி வழித்த வரம்பு. உள்ளே வயல் தண்ணீர் போகாது. மருந்தும் போயிருக்காது, ஏனென்றால் புல் என்னுடைய இடுப்பு உயரத்துக்கு நின்றது. பொன்னாங்காணி, வல்லாரை, பெயர் தெரியாத நீலப்பூ. சுற்றிவர இவருடைய ஒழுங்கான, களையில்லாத வயல். நடுவில் இது மட்டும் காடு. முப்பத்தாறு போகம் இவர் இந்த வரம்பைத் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

நான் அந்தப் புல்லுக்குள் இருந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இவர் மேல் கோபம் வந்தது, ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று. பிறகு அந்தக் கோபம் போய், இந்த மனுசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது வந்தது. இந்த வயதில் அப்படி ஒரு நினைப்பு வருவது கூச்சமாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எழும்பினேன். மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தினேன். மண் புழுவோடும் வேரோடும் வந்தது.

றோட்டுக்கு வந்தபோது இவர் மோட்டார் சைக்கிளோடு நின்றார். கடகத்துக்குள் பார்த்தார். அள்ளின இடம் எது என்று கேட்கவில்லை.

"அரிக்கவேணுமோ?" என்று நான் கேட்டேன்.

"வேணாம்" என்றார். "அப்பிடியே போகட்டும்."

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். குருக்கள் விதைத்தார். அடுத்த மூன்று நாளும் வீட்டில் இவருடைய சத்தம் இல்லை. தேத்தண்ணியில் சீனி கூடினது, குடித்தார். கௌசிகாவுக்குப் போன் எடுக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். வந்தால் வரும் என்றார். வராவிட்டால் என்ன செய்வது? இரண்டு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கும்பாபிஷேகத்தன்று காலை மண்டபத்துக்குள் போக வரிசை. இவர் வரிசையில் நின்ற ஆள் இல்லை, அன்றைக்கு நின்றார். உள்ளே போனதும் என்னுடைய கையைப் பிடித்தார். ஊருக்கு முன்னால் கை பிடித்ததும் அதுதான் முதல் தரம்.

கிளிவெட்டியில் முளை இருந்தது. மற்றச் சட்டிகளில் சாண் உயரம், எங்களுடையதில் அரை விரல்தான். பயறு இன்னும் தோலைத் தலையில் சுமந்துகொண்டு குனிந்து நின்றது. ஆனால் நெருக்கமாக, சட்டி தெரியாமல் நின்றது. நான் எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. இவர் குந்தி, ஒரு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் போதும் என்று தலையாட்டினார்.

கௌசிகா கையில் அட்டையும் பேனையுமாக வந்தாள். சட்டிகளை ஊர்வலமாக எடுக்க முதல் ஒவ்வொன்றிலும் பெயர் அட்டை குத்த வேண்டுமாம். எங்கள் பழைய அட்டையைப் பழைய சட்டியோடு எறிந்துவிட்டார்களாம்.

"ஊர் எழுதிட்டன் ஐயா. மண் தந்தவர் எண்ட இடத்தில ஆற்ற பேரைப் போட? உங்கடையோ, அம்மாவின்ரையோ?"

எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற மனுசன், என்னைப் பார்த்தார்.

"சுகிர்தன்" என்றேன். "குலசிங்கம் சுகிர்தன் எண்டு எழுதுங்கோ, பிள்ளை."

அவள் வடிவான எழுத்தில் எழுதினாள். "மகனோ? நல்லது. கீழ தொழில் எண்டு ஒண்டு கிடக்கு. அவர் என்ன செய்யிறார்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் எழும்பி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் கட்டில் நின்று நாலு வயலுக்குக் கேட்கக் கூப்பிடுகிற தன்னுடைய பழைய குரலில் சொன்னார்:

"வயல்தான், பிள்ளை. எங்கட வயலை அவன்தான் பாக்கிறான்."